கட்டை ஊன்றி நடக்கையில் எங்கே வலிக்கிறது? இடம் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஊன்றுகோல் வீட்டுக்கு வந்ததும் பலரும் முதலில் தேடுவது பஞ்சைத்தான். அக்குளில் கொஞ்சம், கைப்பிடியில் கொஞ்சம், வலிக்கிற இடத்தில் எல்லாம் மெத்தென்று எதையாவது சுற்றிவிடுவார்கள். பஞ்சு தேவைதான், ஆனால் அது இரண்டாவது வேலை. பெரும்பாலான வலிகள் கட்டையின் உயரம் சரியில்லாததால் வருபவை. அதைத் திருத்தாமல் மெத்தையை மட்டும் ஏற்றினால், அக்குளில் இருந்த வலி மணிக்கட்டுக்கோ தோளுக்கோ போய்ச் சேரும். அதனால் கீழே உங்கள் அறிகுறியைத் தேடுவதற்கு முன் அளவைப் பார்த்துவிடுங்கள்.

இங்கே சொல்வது இரண்டு வகைக் கட்டைகளைப் பற்றி. ஒன்று அக்குள் வரை வரும் கட்டை. இன்னொன்று முழங்கைக்குக் கீழே வளையம் பிடிக்கும் எல்போ கட்டை.

முதலில் அளவு

அக்குள் கட்டைக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. உங்கள் உயரத்திலிருந்து 40 செ.மீ. கழியுங்கள். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு 125 செ.மீ. கட்டை. சர்ஜிக்கல் கடையில் சைஸ் கேட்க இது போதும். சரியான அளவு நின்று பார்த்தால்தான் தெரியும்.

சுவரோரமாக நிமிர்ந்து நின்று தோள்களைத் தளரவிடுங்கள். கட்டையின் அடி, பாதத்திலிருந்து பக்கவாட்டில் சுமார் 15 செ.மீ. தள்ளி, கொஞ்சம் முன்னால் இருக்கட்டும். இப்போது மேல் மெத்தைக்கும் அக்குளுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல்கள் படுக்கையாக நுழைய வேண்டும். கிட்டத்தட்ட 4, 5 செ.மீ. இடைவெளி. கையைச் சும்மா தொங்கவிட்டால் மணிக்கட்டின் மடிப்பு ரேகை எங்கே இருக்கிறதோ அதுதான் கைப்பிடியின் உயரம். பிடித்து ஊன்றும்போது முழங்கை லேசாக, 15 முதல் 30 டிகிரி வரை மடங்கியிருக்கும். தனியாக நின்றுகொண்டு இதைப் பார்க்க முடியாது. குனிந்து பார்த்தாலே தோள் இறங்கி அளவு மாறிவிடும். வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

வரிசையும் முக்கியம். அலுமினிய அக்குள் கட்டையில் கைப்பிடி மேல் சட்டத்தில் இருக்கிறது. கீழ்க் குழாயை நீட்டினால் கைப்பிடியும் கூடவே உயரும். ஆகவே முதலில் மொத்த நீளம், பிறகு கைப்பிடி. எல்போ கட்டையில் கீழே இருக்கும் பட்டன் கைப்பிடியின் உயரத்தையும், மேலே இருக்கும் பட்டன் வளையத்தின் உயரத்தையும் மாற்றும்.

அப்புறம், செருப்பு. ஆஸ்பத்திரியில் செருப்போடு அளவெடுத்திருப்பார்கள். நம் வீடுகளில் உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றிவிடுவோம். கட்டையில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே சாதாரணமாக 2.5 செ.மீ. இருக்கும். தடித்த அடியுள்ள செருப்பின் உயரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். வெளியே சரியாக இருந்த கட்டை கூடத்துக்குள் வந்ததும் ஒரு துளை அதிகமாகி, அக்குளில் முட்டத் தொடங்கும். தினமும் பட்டனை அழுத்தி மாற்றுவது நடக்கிற காரியமில்லை. அதே உயரத்தில், வழுக்காத அடியுள்ள ஒரு செருப்பை வீட்டுக்குள் மட்டும் போடத் தனியாக வைத்துக்கொள்வது எளிது. என் அத்தை இதற்கு முதலில் சம்மதிக்கவே இல்லை. செருப்புக் காலோடு அடுப்படிக்குள் போவதா என்றார். வாசலைத் தாண்டாத புதுச் செருப்பு என்றதும் சமாதானமானார். பூஜை அறைக்கு மட்டும் விலக்கு.

அக்குள் வலிக்கிறது, கன்றிப்போகிறது

அக்குள் கட்டை என்ற பெயரே ஆளை ஏமாற்றிவிடும். உடல் எடையை அக்குள் தாங்கக் கூடாது, உள்ளங்கைதான் தாங்க வேண்டும். மேல் மெத்தை விலாவின் பக்கவாட்டில் அணைந்திருக்கும். மேல்கையால் அதை விலாவோடு நெருக்கிப் பிடித்துக்கொள்வீர்கள், அவ்வளவுதான் அதன் வேலை.

வலி எங்கே என்று விரலால் தொட்டுப் பாருங்கள். குழியின் உச்சியில் வலித்தால் கட்டை உயரம், அல்லது நீங்கள் அதில் தொங்குகிறீர்கள். உயரம் சரியாக இருந்தும் வலித்தால் நடப்பதைவிட நிற்பதைக் கவனியுங்கள். பஸ் ஸ்டாப்பில், மருந்துக் கடை வாசலில், தெருவில் யாரோடாவது பேசும்போது, இரண்டு கட்டையிலும் அக்குளைச் சாத்திக்கொண்டு நிற்கிற பழக்கம் எல்லோருக்கும் வந்துவிடும். கேடு பெரும்பாலும் அங்கேதான். பேச்சு நீளும் என்று தெரிந்தால் உட்கார்ந்துவிடுங்கள்.

பக்கவாட்டில், விலாப் பக்கம் தோல் உரசிச் சிவந்திருந்தால் அது உயரப் பிரச்சினை அல்ல, துணிப் பிரச்சினை. கையில்லாத பனியன், தையல் தடித்த ரவிக்கை, நைலான் கலந்த நைட்டி எல்லாம் உரசும். அரைக்கை வைத்த பழைய பருத்திச் சட்டை நல்லது. மெத்தையின் ரப்பர் மேல் பழைய வேட்டித் துணியை நாலு மடிப்பாகச் சுற்றி, கிரேப் பேண்டேஜால் கட்டுங்கள். இரண்டு செட் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் துவையுங்கள். நம் ஊர் வேர்வைக்குத் துவைக்காத உறையே வேர்க்குருவைக் கொண்டுவரும்.

பஞ்சு வைப்பதாக இருந்தால் தலையணைப் பஞ்சு வேண்டாம். ஏறி அழுத்தியதும் தட்டையாகிவிடும். மெத்தென்று இருக்கிறதே என்று சாயவும் வைக்கும். யோகா பாய் போல அழுத்தினால் திரும்பி எழும்பும் ரகம் சரி. ஆனால் அது தடிமனாக இருந்தால் கட்டையின் உயரமும் அந்த அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். விரல் இடைவெளியை மறுபடி பாருங்கள். தேவைப்பட்டால் ஒரு துளை இறக்குங்கள்.

இந்தப் பகுதியில் ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. கையின் பின்புறம் மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, அல்லது கையை நீட்டி “நில்” என்று காட்டுவதுபோல் மணிக்கட்டை மேலே தூக்க முடியாமல் போவது. அக்குள் வழியாகக் கீழிறங்கும் ரேடியல் நரம்பு நசுங்கினால் இப்படி ஆகும். அங்கே ரத்தக் குழாயும் ஓடுகிறது. கை வெளுத்துக் குளிர்ந்துபோனால் அது இன்னும் அவசரம். அந்தக் கட்டையில் ஊன்றுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். அழுத்தத்தைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் நரம்பு பெரும்பாலும் தேறிவிடும். பொறுத்துக்கொண்டு நடந்தால் நாள் இழுக்கும்.

உள்ளங்கை எரிகிறது, விரல் மரத்துப்போகிறது

எடை கைக்கு வந்துவிட்டது என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஆனால் உள்ளங்கை இந்த வேலைக்குப் பழகியதில்லை. முதல் சில நாட்கள் எரிச்சல் இருக்கும், பிறகு தோல் காய்த்து அடங்கும். அடங்கவில்லை என்றால் எந்த விரல் மரக்கிறது என்று பாருங்கள்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், கைப்பிடி உள்ளங்கையின் வெளி ஓரத்தை, சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள சதையை, அழுத்துகிறது. பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தால் மணிக்கட்டின் நடுவில் அழுத்தம். இரண்டுக்கும் பொதுவான காரணம் மணிக்கட்டு பின்பக்கமாக வளைந்த நிலையில் எடை தாங்குவது. முன்கையும் கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கைப்பிடியின் நுனியை விரல்களால் கொக்கிபோல் பிடிக்காமல், பெருவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவிலிருந்து உள்ளங்கையின் அடிமேடு வரை கைப்பிடி முழுதாகப் படும்படி பிடியுங்கள்.

கைப்பிடி மெல்லியதாக இருப்பதும் ஒரு காரணம். மெல்லிய கம்பியை விடாமல் இறுக்க வேண்டியிருக்கும், அந்த இறுக்கமே கையைக் களைக்க வைக்கும். இதற்கு நான் யாருக்கும் முதலில் சொல்வது விளையாட்டுச் சாமான் கடை. கிரிக்கெட் மட்டைக்குப் போடும் ரப்பர் கிரிப் விலை குறைவு, வேர்வையிலும் வழுக்காது, கடைக்காரரே கூம்பு வைத்து ஏற்றித் தருவார். கைப்பிடியின் ஒரு முனையாவது திறந்திருந்தால்தான் அது ஏறும். இரு முனையும் சட்டத்துக்குள் இருக்கும் அக்குள் கட்டையில் போல்ட்டைக் கழற்றிக் கைப்பிடியை வெளியே எடுக்க வேண்டும். அது முடியாவிட்டால் டென்னிஸ் மட்டைக்குச் சுற்றும் டேப் போதும். எவ்வளவு தடிமன்? பிடித்தால் பெருவிரல் நுனி மற்ற விரல்களின் நுனியைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் சுற்றியது அதிகம்.

ஸ்பாஞ்ச் கைப்பிடி வேர்வையைக் குடித்துவிட்டு நாளடைவில் தானே திருகத் தொடங்கும். கைக்குள் கைப்பிடி சுழல்வது வலியைவிட ஆபத்து. அதை மாற்றிவிடுங்கள். அவசரத்துக்கு இரு முனையிலும் டேப் சுற்றலாம். கையில் பவுடர் போட வேண்டாம், பிடி நழுவும். சைக்கிள் ஓட்டுபவர்கள் போடும் விரலில்லாத, உள்ளங்கையில் திண்டு வைத்த கையுறை வெயிலிலும் தாங்கும்.

எல்போ கட்டை வைத்திருப்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும். உள்ளங்கை வடிவத்துக்குச் செதுக்கிய அகலக் கைப்பிடி என்றால் வலது வேறு, இடது வேறு. மாற்றிப் பிடித்தால் அகலமான பக்கம் தப்பான இடத்தில் குத்தும். ஒன்றில் நெயில் பாலிஷால் புள்ளி வைத்துவிட்டால் தீர்ந்தது.

மூட்டுவாதத்தால் மணிக்கட்டே எடை தாங்காதவர்களுக்கு எந்தக் கிரிப்பும் உதவாது. முன்கை முழுவதையும் தாங்கும் தட்டு வைத்த கட்டை தனியாக இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட்டிடம் அதைக் கேளுங்கள்.

தோள், கழுத்து, முதுகு

தோள் காதை நோக்கி ஏறியிருந்தால் கைப்பிடியோ கட்டையோ உயரம். முதுகு கூனியிருந்தால் குட்டை. இரண்டும் சரியாக இருந்து கழுத்து மட்டும் வலித்தால் நீங்கள் தரையையே பார்த்துக்கொண்டு நடக்கிறீர்கள். சில அடி தூரம் முன்னால் பார்த்துப் பழகுங்கள்.

எல்போ கட்டையின் வளையம் கடிக்கிறது, அல்லது கழன்று விழுகிறது

வளையத்தின் மேல் ஓரம் முழங்கை முனைக்குக் கீழே 2.5 முதல் 4 செ.மீ. வரை இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் கையை மடக்கும்போது எலும்பில் இடிக்கும். ரொம்பக் கீழே இறங்கினால் கட்டை கைக்கு அடங்காமல் ஆடும். கதவைத் திறக்கவோ காசு எடுக்கவோ கைப்பிடியை விட்டால் கட்டை முன்கையில் தொங்கி நிற்க வேண்டும், விழக் கூடாது. விழுந்தால் வளையம் பெரிது. உட்புறம் ஒரு மெல்லிய ஃபோம் பட்டை ஒட்டலாம்.

வழுக்குகிறது

வலியெல்லாம் தொல்லை, வழுக்கல்தான் பயம். பயத்தில் உடம்பு இறுகி, இறுகிய உடம்பு எல்லா இடத்திலும் வலிக்கும். அதனால் வழுக்கலையும் வலிக்கு ஒரு காரணமாகவே கணக்கில் வையுங்கள்.

கட்டையைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் மாட்டியிருக்கும் ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். வரிப்பள்ளங்கள் தேய்ந்திருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருக்கிறதா, விளிம்பில் வெடிப்பா, உள்ளே இருக்கும் உலோகத் தகடு எட்டிப் பார்க்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் மாற்றுங்கள், இரண்டு கட்டைக்கும் சேர்த்து. புது புஷ் வாங்கப் பழையதை எடுத்துக்கொண்டு போங்கள். குழாயின் விட்டத்துக்கு ஏற்ப 19 மி.மீ., 22 மி.மீ. என்று சைஸ் இருக்கிறது. கைக்கு எளிதாகக் கழலும் புஷ் சைஸ் தவறானது. பேப்பர் திணித்து இறுக்க வேண்டாம். நாற்காலிக் காலுக்கு விற்கும் புஷ்ஷும் வேண்டாம். உள்ளே தகடு இருக்காது, குழாயின் விளிம்பு ரப்பரை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். தச்சர் செய்த மரக்கட்டையின் அடியில் டயர்த் துண்டு அடிப்பதும் உண்டு. நல்ல பிடிப்புதான், ஆனால் ஆணித் தலை ரப்பருக்குள் ஆழப் புதைந்திருக்க வேண்டும். டயர் தேய்ந்து ஆணி வெளியே தெரிந்த நாள் அது சறுக்குக் கட்டை.

தேயாத புஷ்ஷும் வழுக்கினால் பள்ளங்களில் மண்ணும் மாவும் அடைந்திருக்கும். சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் காயவையுங்கள். வாசலில் கோலமாவு, சமையலறையில் சிந்திய எண்ணெய்த் துளி, டைல்ஸில் துடைத்த ஈரம், மிதியடியின் மடங்கிய முனை, இவை நான்கும் வீட்டுக்குள் இருக்கும் எதிரிகள். வழியில் உள்ள மிதியடிகளைச் சுருட்டி எடுத்துவையுங்கள். ஈரமான டைல்ஸில் எந்த ரப்பரையும் நம்பக் கூடாது. குளியலறையில் ரப்பர் அடி வைத்த ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளித்து, தரையைத் துடைத்து, புஷ்ஷையும் துடைத்த பிறகே எழுந்திருங்கள். எண்ணெய்க் குளியலைக் கால் குணமாகும் வரை ஒத்திவையுங்கள். தீபாவளிக்குத் தலையில் ஒரு சொட்டு வைத்தால் போதும்.

இடம் உலர்ந்து, புஷ்ஷும் நன்றாக இருந்து, இன்னும் வழுக்கினால் நீங்கள் எடுத்துவைக்கும் எட்டு பெரிது. கட்டையை ரொம்ப முன்னால் வைத்தால் சாய்வு அதிகமாகி அடி நழுவும். ஓர் அடி தூரம் போதும்.

சேலைக் கொசுவமும் மடித்துக் கட்டாத வேட்டியும் கட்டையடியில் மாட்டும். கணுக்காலுக்கு மேலே நிற்கும் உடைதான் இப்போதைக்கு.

சத்தம் போடுகிறது, ஆடுகிறது

ஒவ்வோர் ஊன்றலுக்கும் “டக்” என்று கேட்டால் உள் குழாய்க்கும் வெளிக் குழாய்க்கும் நடுவே இடைவெளி. முதலில் பட்டன் துளையில் முழுதாக வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதியில் நிற்கும் பட்டன் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போய்விடும். அது சரியென்றால் பிளம்பர்கள் குழாயில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை, பட்டனையும் துளைகளையும் மறைக்காமல், உள் குழாயில் சில சுற்றுச் சுற்றிச் செருகுங்கள். சத்தம் பெரும்பாலும் நின்றுவிடும்.

அக்குள் கட்டையில் கைப்பிடியைப் பிடித்திருக்கும் விங் நட்டு நடக்க நடக்கத் தளரும். ஸ்பிரிங் வாஷர் ஒன்று போடுங்கள், ஹார்டுவேர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ, துளையோரம் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ ஒட்டுவேலை எதுவும் வேண்டாம். அலுமினியத்தை வெல்டிங் வைத்தோ, மரத்தைக் கம்பி சுற்றியோ ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டையைக் கொடி கட்டப் பயன்படுத்தலாம்.

சுவரில் சாய்த்தால் விழுகிறது

அக்குள் கட்டையைத் தலைகீழாகச் சாய்த்துவையுங்கள். மேல் மெத்தை அகலமானது, ரப்பர் உறையும் உண்டு. புஷ்ஷைவிட நன்றாக நிற்கும்.

நல்ல கால் வலிக்கிறது, சீக்கிரம் மூச்சு வாங்குகிறது

ஒரு காலைத் தரையில் ஊன்றாமல் கட்டையோடு நடப்பதற்குச் சாதாரண நடையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு சக்தி செலவாகும். களைப்பு உங்கள் பலவீனம் இல்லை. முழங்கால், குதிகால் வலிக்குக் காரணம் தொப்பென்று இறங்குவது. கட்டைகளைத் தாண்டிக் குதிக்காமல், கட்டைகளின் கோடு வரை மட்டும் நல்ல காலைக் கொண்டுவாருங்கள். மெத்தை அடியுள்ள ஷூ உதவும். பொருள் எதையும் கையில் தூக்க வேண்டாம். முதுகுப் பை, தேநீருக்கு மூடி போட்ட ஃபிளாஸ்க்.

மாடிப்படியிலும் பழைய வீடுகளின் உயர்ந்த நிலைவாசலிலும் ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு கட்டைகளும் நோகும் காலும். இறங்கும்போது கட்டைகள் முதலில், அதோடு நோகும் கால், கடைசியில் நல்ல கால். கைப்பிடிச் சுவர் இருந்தால் ஒரு கை அதில் இருக்கட்டும். தைரியம் வராத நாளில் படியில் உட்கார்ந்து உட்கார்ந்தே ஏறலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாவுக்கட்டுப் போட்ட கால் கனக்கிறது

தொங்கவிட்டுக்கொண்டே இருப்பதால் வீங்கும். உட்காரும்போதெல்லாம் ஸ்டூலில் வையுங்கள். படுக்கும்போது இரண்டு தலையணை போட்டு நெஞ்சைவிட உயரமாக வையுங்கள். காலைத் தூக்கியும் குறையாத இறுக்கம், விரல்கள் நீலமாவது, மரப்பது, கெண்டைக்காலில் சூட்டோடு கூடிய வலி, திடீர் மூச்சுத் திணறல், இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

“கொஞ்சம் ஊன்றலாம்” என்று டாக்டர் சொன்ன பிறகு எவ்வளவு என்று தெரியாமல் பலர் காற்றிலேயே காலைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். அதில் தொடையும் இடுப்பும் வலிக்கும். அவர் 20 கிலோ என்று சொல்லியிருந்தால், எடை பார்க்கும் மெஷினில் நோகும் காலையும், அதே உயரத்துப் பலகையில் நல்ல காலையும் வைத்து, கட்டையைப் பிடித்துக்கொண்டு மெல்ல அழுத்திப் பாருங்கள். முள் 20-ஐத் தொடும்போது கால் எப்படி உணர்கிறது என்பது சில முறையில் மனதில் பதிந்துவிடும்.

ஒரு கட்டைக்கு மாறியதும் இடுப்பு வலி

கட்டை எந்தக் கையில் இருக்கிறது? நோகும் காலின் பக்கமே பிடித்திருந்தால் உடம்பு அந்தப் பக்கமே சாய்ந்து, எடை முழுவதும் அந்தக் காலில் இறங்கும். எதிர்க் கையில் பிடித்து, கட்டையும் நோகும் காலும் ஒன்றாக முன்னே போகட்டும். அப்படி மாற்றியும் நடை நொண்டினால் இரண்டாவது கட்டையை விட்டது சீக்கிரம். இன்னும் ஒரு வாரம் இரண்டோடு நடந்துவிட்டு மறுபடி பாருங்கள்.